பொசுபேற்றில் நாகம் (துத்தநாகம்) கலங்குது, டிரிசில் செப்பு கடும் நீலமாகுது: எந்தத் தாங்கற் கரைசல் சரி?

உமிக்கரி:
வணக்கம். கிளிநொச்சி நெல் ஆலை உமியைக் கரியாக்கி, அது தண்ணீரில் இருக்கிற நாகத்தையும் செப்பையும் எவ்வளவு பிடிக்குது எண்டு பார்க்கிறோம். 50 மில்லிலீற்றர் கரைசலுக்கு 0.1 கிராம் கரி, உலோகம் 1 மில்லிமூலர் (சல்பேற்று உப்பு), 2 மணித்தியாலம் குலுக்கல். கரி போட்டால் பீஎச் ஏறுறதால, பீஎச்சை அசையாமல் வைச்சிருக்கிற தாங்கற் கரைசலாக 50 மில்லிமூலர் பொசுபேற்றில், பீஎச் 7 இல் செய்தோம். நாகம் விட்ட உடன கரைசல் பால் மாதிரிக் கலங்கிப் போச்சு. வடிச்சு அளந்தால் நாகம் முழுக்கப் போன மாதிரிக் காட்டுது. டிரிஸ் எண்ட தாங்கற் கரைசலுக்கு மாத்தினால் செப்பு கலங்கேல்லை, ஆனால் கடும் நீலம். கரி பிடிக்கிறதும் குறைஞ்சிட்டுது. எதை நம்புறது?

அளவி:
ரெண்டையும் நம்பாதேங்கோ. பொசுபேற்றில் நீங்கள் கண்டது நாக பொசுபேற்று வீழ்படிவு, அதாவது கரையாமல் பிரிஞ்சு விழுற திண்மம். வடிதாளில் நிண்டதை எல்லாம் கரி பிடிச்சதெண்டு கணக்கெடுத்திருக்கிறியள். டிரிசில் மற்றப் பக்கம்: அதின்ரை அமைன் கூட்டம் செப்பைச் சிக்கலாகக் கட்டி வைச்சிருக்கு, அந்தக் கடும் நீலம் அதுதான். கட்டுப்பட்ட செப்பு கரியிடம் லேசில் போகாது. சித்திரேற்று, டிரைசின், பைசின் எல்லாம் இதே வேலையைத்தான் செய்யும். காபனேற்று போட்டால் திரும்பவும் வீழ்படிவு.

முதல் வேலை, கரி போடாத வெற்றுச் சோதனை. அதே கரைசல், அதே 2 மணித்தியாலம், அதே 0.45 மைக்கிரோமீற்றர் வடி. அதில் உலோகம் குறைஞ்சால் பிழை தாங்கற் கரைசலில்.

குளக்கட்டு:
அப்ப பீஎச் 7 இலேயே ஹெப்பெஸ் போட்டால் சரிதானே? அது உலோகத்தை அவ்வளவாகக் கட்டாது.

அளவி:
ஹெப்பெஸ் பரவாயில்லை, ஆனால் இங்க இடைஞ்சல் பீஎச் 7 தான். 1 மில்லிமூலர் செப்பு பீஎச் 5.7 அளவிலேயே ஐதரொட்சைட்டாக விழத் தொடங்கும். நாகத்துக்கு அந்த எல்லை 7.2 கிட்ட. கரி பீஎச்சைக் கொஞ்சம் ஏத்தினாலே நாகமும் தாண்டிவிடும். உலோகத்தைக் கட்டாத எந்தத் தாங்கற் கரைசலாலும் இதைத் தடுக்க ஏலாது.

ரெண்டு உலோகத்தையும் ஒப்பிடுறதெண்டால் ரெண்டையும் பீஎச் 5.5 இல் மெஸ் எண்ட தாங்கற் கரைசலில் செய்யுங்கோ. பீகேஏ (தாங்கல் நல்லா வேலை செய்யிற பீஎச்சின்ரை நடு) 6.1, மோர்போலின் வளையம் உலோகத்தை மிகக் குறைவாகத்தான் பிடிக்கும். 20 மில்லிமூலர், 500 மில்லிலீற்றருக்கு மெஸ் ஒற்றை நீரேற்று 2.13 கிராம். 400 மில்லிலீற்றர் காய்ச்சி வடித்த நீரில் கரைச்சு, 1 மூலர் சோடியம் ஐதரொட்சைட்டு ஏறக்குறைய 2 மில்லிலீற்றர் துளித்துளியாக விட்டு 5.5 க்குக் கொண்டுவந்து, கனமானக் குடுவையில் குறிவரை நிரப்புங்கோ. பீஎச் சரியாக்கின பிறகுதான் உலோகம். உலோகக் கரைசலுக்குள்ள நேரே காரம் விட்டால், துளி விழுற இடத்தில் ஐதரொட்சைட்டு உருவாகி, பிறகு லேசில் கரையாது.

5.5 மெஸ்சின்ரை கீழ் எல்லை, தாங்குதிறன் குறைவு. அதால கரியை முதல் 0.1 மூலர் ஐதரோக்குளோரிக் அமிலத்தில் கழுவி, பிறகு கழுவுநீரின் பீஎச் மாறாமல் நிக்கும்வரை வடித்த நீரில் அலசுங்கோ. குலுக்கி முடிய ஒவ்வொரு குடுவையிலயும் பீஎச் பாருங்கோ. 5.7 தாண்டின செப்புக் குடுவையைக் கணக்கில் எடுக்காதேங்கோ.

உமிக்கரி:
நன்றி அண்ணா. மெஸ் கொழும்பிலிருந்து வர நாள் எடுக்கும். அசற்றேற்று கையில இருக்கு, அதைப் போடலாமோ?

அளவி:
50 மில்லிமூலர் வேண்டாம் தங்கச்சி, அந்த அளவில் செப்பில் பெரும் பங்கு அசற்றேற்றோட சேர்ந்திடும். 5 மில்லிமூலருக்கு மேல போகாதேங்கோ. அதைவிட நல்லது தாங்கல் ஒண்டுமில்லாமல் 0.01 மூலர் சோடியம் நைத்திரேற்றில் செய்யிறது. 15 நிமிடத்துக்கு ஒருக்கால் பீஎச் பார்த்து, 0.01 மூலர் நைத்திரிக் அமிலத்தாலயோ காரத்தாலயோ சரிப்படுத்துங்கோ. மினக்கேடுதான், ஆனால் உலோகத்தைக் கட்ட ஒண்டும் இருக்காது. விட்ட கனவளவை எழுதி வையுங்கோ, செறிவைத் திருத்த வேணும்.

குளக்கட்டு:
தண்ணீரைப் பற்றி ஒரு சொல்: கிணற்றுத் தண்ணீரில் கரைக்கவே வேண்டாம். எங்கட பக்கத்துக் கிணறுகளில் கல்சியமும் இருகாபனேற்றும் கூட. மெஸ் போட்டாலும் அது வேற சோதனையாகிவிடும்.

உமிக்கரி:
பொசுபேற்று வெற்றுச் சோதனை செய்தாச்சு. கரி ஒரு துகளும் இல்லை, முகவை அடியில் வெள்ளைப் படிவு. வடிநீரில் நாகம் அளக்கிற அளவுக்கே இல்லை. பழைய பெறுபேறுகளை வெட்டிவிட்டோம். கரியைக் கழுவி வைச்சிருக்கு, நாளைக்கு நைத்திரேற்றில் பீஎச் 5.5 இல் தொடங்குறோம்.