மகளுக்கு நப்பின்னை என்று பெயர் வைக்கலாமா?

மார்கழி அப்பா:

எங்களுக்குப் பெண் குழந்தை பிறந்து இன்றோடு பதினாறு நாள். மார்கழி 18, விடியற்காலை. என் அம்மா ஆஸ்பத்திரி வராந்தா பெஞ்சில் உட்கார்ந்து அன்றைக்குரிய திருப்பாவைப் பாட்டை வாய்க்குள் சொல்லிக்கொண்டிருந்தார். "உந்து மதகளிற்றன்" என்று தொடங்கும் பாட்டு. "நந்தகோபாலன் மருமகளே, நப்பின்னாய்" என்று கண்ணனின் துணைவியை ஆண்டாள் கதவைத் தட்டி எழுப்புவாளே, அதுதான். பாட்டு முடிவதற்குள் நர்ஸ் கதவைத் திறந்துகொண்டு வந்து "பொண்ணு" என்றார்.

அந்த நிமிஷத்திலிருந்து என் மனதில் இந்த ஒரே பெயர்தான். மனைவிக்கும் பிடித்திருக்கிறது. ஆனால் பொருள் என்ன, எங்கிருந்து வந்தது என்று தெரியாமல் சான்றிதழில் ஏற்றக் கூடாது என்கிறாள். மாமனாருக்குச் சம்மதமில்லை. "பின்னை என்றால் பின்னால் வருகிறவள். பெண் பிள்ளைக்கு ஏன் அப்படி ஒரு பெயர்? ராதா என்று வையுங்கள்" என்கிறார். லண்டனில் இருக்கும் என் தங்கைக்கு வேறு கவலை: அங்கே குழந்தைக்குக் கட்டும் துணிக்குப் பெயர் 'நேப்பி'யாம்.

இந்தப் பெயரில் ஒருவரையும் நான் நேரில் பார்த்ததில்லை. தெரிந்தவர்கள் சொல்லுங்கள். பெயர் சூட்ட இன்னும் இரண்டு வாரம் இருக்கிறது.

செள்ளை:

தம்பி, என் முழுப்பெயர் நச்செள்ளை. வயது நாற்பத்து மூன்று. உங்கள் கேள்வியைப் பார்த்ததும் அடுப்பை அணைத்துவிட்டு வந்து எழுதுகிறேன். உங்கள் மகள் பெயரும் என் பெயரும் ஒரே 'ந'வில் தொடங்குகின்றன.

என் அப்பா தமிழாசிரியர். எனக்கு அவர் சொல்லிக்கொடுத்த முதல் இலக்கணம் அந்த 'ந'தான். கீரன், நக்கீரன். பூதன், நப்பூதன், முல்லைப்பாட்டைப் பாடியவர். செள்ளை, நச்செள்ளை. பின்னை, நப்பின்னை. பெயருக்கு முன்னால் சிறப்புக் காட்ட வரும் எழுத்து அது. வந்து நின்றதும் அடுத்த எழுத்தை இரட்டிக்க வைக்கும். ஆகவே உங்கள் மகள் வெறும் பின்னை இல்லை, சீரும் சிறப்புமான பின்னை.

மாமனார் சொன்னதற்கு வருகிறேன். பின்னை என்றால் பின் பிறந்தவள், இளையவள். மணிமேகலையில் கண்ணனும் அண்ணனும் இவளும் குரவை, அதாவது கைகோத்து ஆடும் கூத்து, ஆடியதைச் சொல்லும்போது "மாமணி வண்ணனும் தம்முனும் பிஞ்ஞையும்" என்று வரும். தம்முன் என்றால் முன் பிறந்தவன், பலராமன். பிஞ்ஞை நம் பின்னைதான். முன் பிறந்தவனுக்கு அந்தப் பெயர் என்றால் இளையவளுக்கு இந்தப் பெயர், அவ்வளவுதான். யாருக்கும் பின்னால் ஒதுங்கி நிற்கிறவள் என்ற பொருள் அதில் இல்லை. திருப்பாவையை எடுத்துப் பாருங்கள். 18, 19, 20 மூன்று பாட்டிலும் ஆண்டாள் இவளை வைத்துத்தான் கண்ணனிடம் போகிறாள். இவள் மனது வைத்தால்தான் அவன் எழுந்து வருவான். இருபதாம் பாட்டில் "உக்கமும் தட்டொளியும்" கேட்கிறார்கள், அதாவது விசிறியும் கண்ணாடியும். அதோடு சேர்த்து "உன் மணாளனையும் தா" என்கிறார்கள். கொடுக்கிற இடத்தில் இருப்பவள் நப்பின்னை.

பழைய தமிழ்க் கதையில் இவள் ஆயர் வீட்டுப் பெண். ஏழு காளைகளை அடக்குகிறவனுக்குத்தான் இவள் என்று சொல்ல, கண்ணன் ஏழையும் தழுவி அடக்கி இவளைக் கைப்பிடித்தான். வைணவ உரைகாரர்கள் இவளை யசோதையின் அண்ணன் மகளாகச் சொல்வார்கள். அப்படிப் பார்த்தால் கண்ணனுக்கு முறைப்பெண், மாமன் மகள். நம் வீட்டுக் கதை மாதிரியே இருக்கிறது, இல்லையா? பாகவதத்திலும் ஏழு காளை வருகிறது. ஆனால் அங்கே அவள் கோசல நாட்டு அரசன் மகள் நாக்னஜிதி. மாடு மேய்க்கும் சேரியில் வளர்ந்தவள் நம் பின்னை.

எனக்கு ரொம்பப் பிடித்தது சிலப்பதிகாரத்து ஆய்ச்சியர் குரவை. மதுரையில் கோவலன் கொலைப்பட்ட நாள். அவனுக்கும் கண்ணகிக்கும் அடைக்கலம் கொடுத்த ஆயர்குலப் பெண் மாதரி வீட்டில் பால் உறையவில்லை, வெண்ணெய் உருகவில்லை, ஏதோ கெட்டது நடக்கப்போகிறது என்று அவளுக்குப் படுகிறது. கன்று காலிகளின் துயர் தீரட்டும் என்று ஏழு பெண்களை நிறுத்திக் குரவை ஆட வைக்கிறாள். ஏழு பேருக்கும் ஏழு சுரத்தின் பெயர். குரல் என்ற பெண்ணை மாயவன் என்கிறாள், இளியைப் பலராமன் என்கிறாள், துத்தத்தைப் பின்னை என்கிறாள். துத்தம் என்பது இன்று நாம் 'ரி' என்று பாடும் சுரம். தன் பெயருக்கென்று ஒரு சுரம் இருக்கிறது என்று உங்கள் மகள் ஒரு நாள் பாட்டு வகுப்பில் தெரிந்துகொள்வாள்.

ராதையின் பெயரை நாடெங்கும் பரப்பியது 12-ஆம் நூற்றாண்டில் ஜயதேவர் பாடிய கீத கோவிந்தம். சிலம்பும் ஆண்டாளும் அதற்கு நெடுங்காலம் முந்தியவர்கள். ராதா நல்ல பெயர்தான், குறை சொல்லவில்லை. ஆனால் தமிழில் கண்ணனுக்குப் பக்கத்தில் முதலில் இருந்தவள் பின்னை. மாமனாரிடம் பக்குவமாகச் சொல்லுங்கள், கேட்பார்.

இனி நான் பட்டதைச் சொல்கிறேன். நாலாம் வகுப்பில் பையன்கள் என்னை "நச்சு" என்று கூப்பிட்டார்கள். அப்புறம் "நச்சுப் பாம்பு". ஒரு நாள் புத்தகப் பையை வீசி எறிந்துவிட்டு, பெயரை மாற்றினால்தான் பள்ளிக்கூடம் போவேன் என்று அழுதேன். அப்பா திட்டவில்லை. கிணற்றடிக்குக் கூட்டிக்கொண்டு போனார். மதில்மேல் ஒரு காக்கை கரைந்துகொண்டிருந்தது. "உன் பெயர்க்காரி இதைத்தான் பாடினாள்" என்று குறுந்தொகை 210-ஐச் சொன்னார். விருந்து வரப்போகிறது என்று கரைந்த காக்கைக்கு, நள்ளி என்ற வள்ளலின் காட்டுப் பசுக்கள் தந்த நெய்யை ஊற்றி, தொண்டி என்ற ஊர் முழுவதும் விளைந்த வெண்ணெல்லைச் சோறாக்கி ஏழு கலத்தில் ஏந்திக் கொடுத்தாலும் அது கொஞ்சம்தான் என்று ஒரு பெண் பாடியிருக்கிறாள். அதனாலேயே காக்கைபாடினியார் நச்செள்ளையார் என்று அவளுக்குப் பெயர். சேர அரசன் அவளுக்கு ஒன்பது காப் பொன்னும் நூறாயிரம் காணமும் (பொற்காசு) கொடுத்தான் என்றும் சொன்னார். எட்டு வயதில் எனக்குப் பொன் கணக்குப் புரியவில்லை. ஆனால் மறுநாள் சாப்பாட்டு மணியில் என் டப்பாவிலிருந்து ஒரு பிடி சோற்றைக் காக்கைக்கு வைத்தது நினைவிருக்கிறது. பக்கத்தில் உட்கார்ந்தவளும் வைத்தாள். கேலி உடனே நிற்கவில்லை. எனக்கு அழுகை நின்றுவிட்டது.

இன்னொன்றையும் மறைக்காமல் சொல்கிறேன். பத்தாம் வகுப்பு மதிப்பெண் சான்றிதழில் என் பெயர் தப்பாக அச்சாகி வந்து, திருத்த ஒரு வருடம் அலைந்தோம். எங்கே போனாலும் எழுத்துக் கூட்டித்தான் சொல்வேன். உங்கள் மகளும் அதைச் செய்ய வேண்டியிருக்கும். முதல் விண்ணப்பத்திலேயே ஆங்கில எழுத்துகளைத் தீர்மானித்து, கடைசிவரை அதையே எழுதுங்கள். நடுவில் இரண்டு பி, இரண்டு என். ஒன்று குறைந்தாலும் பிறகு பாஸ்போர்ட்டில் தலைவலி.

தாமிரபரணிக்கரை:

அக்கா சொன்னதற்கு மேல் சொல்ல எனக்கு அதிகம் இல்லை. எங்கள் ஊர்ப் பக்கத்துப் பாசுரம் ஒன்றை மட்டும் தருகிறேன். இரட்டைத் திருப்பதி என்று நாங்கள் சொல்லும் தொலைவில்லிமங்கலத்தை நம்மாழ்வார் பாடிய பதிகத்தில் வருகிறது:

"பின்னைகொல் நிலமாமகள்கொல் திருமகள்கொல் பிறந்திட்டாள்"

வந்து பிறந்திருப்பது பின்னையா, பூமகளா, திருமகளா என்று ஒரு பெண்ணைப் பார்த்து வியந்து கேட்கிறார்கள். மூன்று பேரில் முதலில் நிற்பது பின்னை. பெருமாளின் மூன்று தேவியரில் நீளாதேவி என்று சொல்வது இவளைத்தான். பெயர் சூட்டும் அன்று அழைப்பிதழ் அடித்தால் இந்த ஒரு வரியைப் போடுங்கள் அண்ணாச்சி. வேறு விளக்கமே வேண்டாம்.

அப்புறம், சான்றிதழுக்கு அவசரப்படாதீர்கள். 21 நாளுக்குள் பிறப்பைப் பதிந்துவிட்டால் போதும். பெயரை 12 மாதம் வரை கட்டணமில்லாமல் சேர்க்கலாம், அதற்கு மேல் 15 வருடம் வரை தாமதக் கட்டணம் கட்டிச் சேர்க்கலாம்.

குரோய்டன் வாசி:

நான் யாழ்ப்பாணம், இங்கே லண்டனுக்கு வந்து இருபது வருடம். உங்கள் தங்கை சொல்வது உண்மைதான். 'நேப்பி' இங்கே எல்லா வீட்டிலும் புழங்கும் சொல், சின்னப் பிள்ளைகள் கட்டாயம் பிடித்துக்கொள்ளும். அதுவும் எழுத்தில் பார்த்தால் முதல் நாலு எழுத்தும் அதே எழுத்துகள். பிள்ளை இங்கே வளரப்போகிறாள் என்றால் நான் யோசிப்பேன். உங்கள் ஊரில் வளரப்போகிறாள் என்றால் இந்தக் காரணத்துக்காக விடாதீர்கள். விரும்பினால் 'பின்னை' என்று மட்டும் பதியலாம். நம்மாழ்வாரே அப்படித்தானே கூப்பிட்டிருக்கிறார்.

மார்கழி அப்பா:

எல்லோருக்கும் நன்றி. அக்கா, நீங்கள் எழுதியதை நேற்று இரவு வீட்டில் சத்தமாகப் படித்தேன். காக்கை வந்த இடத்தில் மனைவி கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

அம்மா அவர் பங்குக்கு ஒரு கதை சொன்னார். ராமானுஜர் திருப்பாவை சொல்லிக்கொண்டே பிட்சைக்குப் போவாராம். அவருடைய குரு பெரிய நம்பி வீட்டு வாசலில் "செந்தாமரைக் கையால் சீரார் வளையொலிப்ப வந்து திறவாய்" என்ற இடத்துக்கு வந்தபோது, நம்பியின் மகள் அத்துழாய் வளையல் குலுங்கக் கதவைத் திறந்தாளாம். நப்பின்னையே வந்துவிட்டாள் என்று அவர் மயங்கி விழுந்துவிட்டாராம். மாமனார் முழுக்கக் கேட்டுவிட்டு, "அத்துழாய் என்றால் என்ன?" என்று கேட்டார். துழாய் என்றால் துளசி என்று அம்மா சொன்னார். "அதுவும் நன்றாகத்தான் இருக்கிறது" என்றார். அவருக்கு மனது இளகிவிட்டது என்று நினைக்கிறேன்.

சான்றிதழில் நப்பின்னை என்றே போடப்போகிறோம். தங்கை வீட்டுக்குப் போகும்போது பின்னை.

செள்ளை:

சந்தோஷம் தம்பி. தாம்பாளத்தில் பச்சரிசி பரப்பிப் பெயர் எழுதும்போது இரண்டு 'ன'வையும் தெளிவாக எழுதுங்கள், றன்னகரம். பிறகு காதில் மூன்று தடவை முழுப்பெயரைச் சொல்லுங்கள். அன்றைக்குக் காக்கைக்கும் ஒரு பிடி சோறு வையுங்கள், என் கணக்கில்.