பழைய ரீலோடிங் பவுடர்: பயன்படுத்தலாமா, அழித்துவிட வேண்டுமா?

வேட்டைக்காரன்270 கேட்டது:

எல்லாருக்கும் வணக்கம். டெக்சஸில் சான் ஆன்டோனியோவுக்கு வெளியே இருக்கிறேன். பக்கத்து வீட்டுத் தாத்தா தவறிவிட்டார், நல்ல மனிதர், தோட்டாவைக் கடையில் வாங்காமல் தானே அடைத்து மான் வேட்டைக்குப் போகிற பழைய தலைமுறை. அவர் மனைவி என்னைக் கூப்பிட்டு, "நீதான் இப்போது ரைபிள் வைத்திருக்கிறாய், இதெல்லாம் எனக்கு எதற்கு, எடுத்துக்கொள்" என்று கராஜில் இருந்த மொத்தத்தையும் கொடுத்துவிட்டார். தோட்டா அடைக்கிற பிரஸ், டை செட், தராசு எல்லாம் நன்றாக இருக்கின்றன. சந்தேகம் பவுடரில்தான், அதாவது தோட்டாவுக்குள் அடைக்கிற வெடிமருந்தில்.

வந்தவை இவை (முதலில் வருவது கம்பெனிப் பெயர், அடுத்தது பவுடர் ரகம்). டூபான்ட் பெயர் போட்ட ஐஎம்ஆர் 4350 தகர டப்பா, இன்னும் திறக்கவில்லை. ஹெர்குலிஸ் யூனிக், பாதி காலி. ஹாட்ஜ்டன் 4831, திறந்தது. ஊறுகாய் பாட்டில் மாதிரி ஒரு கண்ணாடி ஜாடி, மேலே டேப் ஒட்டி பேனாவில் "4831" என்று மட்டும் எழுதியிருக்கிறது. அதுபோக பவுடர் அளக்கிற கருவியின் பிளாஸ்டிக் குழாயிலும் கொஞ்சம் கிடக்கிறது.

என் ரைபிள் .270 வின்செஸ்டர், இதற்கு 4350-உம் 4831-உம் பொருத்தம் என்று படித்தேன். இப்போது புதுப் பவுடர் விற்கிற விலைக்கு இதைக் கொட்ட மனசு வரவில்லை. எத்தனை வருடம் ஆனால் கெட்டுப்போகும்? கெட்டதா நல்லதா என்று வீட்டிலேயே எப்படிப் பார்ப்பது?

---

பென்சில்வேனியா பழசு:

தம்பி, வயதை அப்புறம் பார்க்கலாம். முதலில், டப்பாவுக்குள் இருப்பது டப்பாவில் எழுதியிருப்பதுதானா என்று கேளுங்கள். கெட்டுப்போன பவுடரைவிட ஆள் மாறிய பவுடர்தான் சீக்கிரம் விரலைக் கொண்டுபோகும். யூனிக் வேகமாக எரிகிற ரகம், கைத்துப்பாக்கிக்கும் ஷாட்கன்னுக்கும் போடுவது. 4350 மெதுவாக எரிகிற ரைபிள் ரகம். 4350-க்கு எழுதிய எடையில் யூனிக்கை .270 தோட்டாவில் அடைத்துச் சுட்டால் ரைபிளின் போல்ட் பக்கம் (குழலின் பின்பக்கத்தை மூடுகிற, நம் முகத்துக்குப் பக்கத்தில் இருக்கிற பகுதி) என்ன ஆகும் என்று நான் வர்ணிக்க வேண்டியதில்லை. அந்தத் தாத்தா ஒரு நாள் மிச்சத்தைத் தவறான டப்பாவில் திருப்பிக் கொட்டியிருந்தால்? அவரைக் கேட்க முடியாதே.

அதனால் கண்ணாடி ஜாடி அவுட். அளவைக் குழாயில் இருப்பதும் அவுட். யோசிக்கவே வேண்டாம். ஜாடி விஷயத்தில் இன்னொன்றும் உண்டு. கம்பெனி டப்பா சும்மா அழகுக்குச் செய்ததில்லை, தீப்பிடித்தால் லேசான அழுத்தத்திலேயே திறந்துகொண்டு உள்ளே இருப்பது வெறுமனே எரிந்துபோகும்படி செய்தது. மூடி இறுக்கிய கண்ணாடி ஜாடியில் அதே பவுடர் வெடிகுண்டு. வெளிச்சம் படுவது வேறு கெடுதல்.

அப்புறம் அந்த 4831. இதில் பலர் மாட்டுவார்கள். இரண்டாம் உலகப் போர் முடிந்ததும் 20 மில்லிமீட்டர் பீரங்கிக் குண்டுக்கான ராணுவ மிச்சப் பவுடரை ஹாட்ஜ்டன் மொத்தமாக வாங்கி மலிவாக விற்றார், அதுதான் ஆரம்ப 4831. பிற்பாடு டூபான்ட் ஐஎம்ஆர் 4831 என்று ஒன்றை இறக்கியது. நம்பர் ஒன்று, சாமான் வேறு, ஐஎம்ஆர் கொஞ்சம் வேகமாக எரியும். ஒன்றின் அளவை மற்றதற்குப் போடக் கூடாது. ஜாடியில் "4831" என்று மட்டும் எழுதியிருக்கிறது என்கிறீர்கள், எந்த 4831?

வயதை டப்பாவை வைத்தே ஓரளவு சொல்லலாம். டூபான்ட் இந்தத் தொழிலை 1986-இல் கைமாற்றிவிட்டது, ஹெர்குலிஸ் 1995-இல் அலையன்ட் ஆனது. ஆக உங்களிடம் இருக்கிற அந்த இரண்டும் குறைந்தது 30, 40 வருடப் பழசு. அதனாலேயே கெட்டது என்று அர்த்தமில்லை. குளுகுளுவென்று காய்ந்த நிலவறையில் மூடியபடி இருந்தால் அதற்கு மேலும் தாங்கும். டெக்சஸ் கராஜ் என்பதுதான் எனக்கு உறுத்துகிறது.

பார்க்கும் விதம்: வெளியே காற்றோட்டமான இடத்தில், பகல் வெளிச்சத்தில், சிகரெட் அடுப்பு எதுவும் பக்கத்தில் இல்லாமல் திறங்கள். மூக்கை உள்ளே விடாதீர்கள், கையால் வீசி வாசம் பிடியுங்கள். நல்ல பவுடரில் ஈதர், நெயில் பாலிஷ் ரிமூவர் ரக வாசம் லேசாக வரும். கெட்டதில் அமில நெடி, மூக்கைக் கிள்ளும். வெள்ளைத்தாளில் ஒரு சிட்டிகை கொட்டிப் பாருங்கள், துரு நிறத்தில் தூள் பறந்தாலோ, பவுடர் மணிகள் ஒட்டிக் கட்டியாக இருந்தாலோ, மூடியின் உட்புறம் துருவேறியிருந்தாலோ கதை முடிந்தது. திறக்கும்போதே செம்பழுப்புப் புகை கண்டால், அல்லது டப்பா தொட்டால் சூடாக இருந்தால் கையை எடுத்துவிட்டு விலகிப் போய் 911-ஐக் கூப்பிடுங்கள். அங்கே வீரம் காட்ட வேண்டாம்.

---

பாலைவனப்பூனை:

ரொம்பப் பயமுறுத்துகிறீர்கள் அண்ணா. நான் அரிசோனாவில் இருக்கிறேன், என்னிடம் அறுபதுகளில் வாங்கிய ஒரு ராணுவ மிச்ச 4895 ரகப் பவுடர் இன்னும் ஓடுகிறது, குறியும் மாறவில்லை. வாசம் நன்றாக இருந்தால் அடைத்துச் சுட வேண்டியதுதான். கம்பெனிக்காரர்களுக்குப் புது டப்பா விற்க வேண்டும், அதனால் பழசை எல்லாம் தூக்கிப் போடச் சொல்வார்கள்.

---

நீலகிரிக்காரி:

பூனையாரே, உங்கள் 4895 நன்றாக இருப்பதாகவே இருக்கட்டும். ஆனால் "வாசம் நன்றாக இருக்கிறது, அதனால் நல்லது" என்பது பாதி உண்மைதான். நெடி வந்தால் கெட்டது என்பது உறுதி. நெடி வரவில்லை என்பதால் இன்னும் பத்து வருடம் தாங்கும் என்று ஆகாது. ஏன் என்று சொல்கிறேன், கொஞ்சம் நீளும்.

நான் நீலகிரியில் அருவங்காட்டுப் பொண்ணு. வெள்ளைக்காரன் காலத்திலிருந்து அங்கே கார்டைட் (பழைய புகையில்லாப் பவுடர் ரகம்) ஃபேக்டரி ஓடுகிறது, அப்பா அங்கே ஆய்வுக்கூடத்தில் வேலை பார்த்தார், நானும் பிறகு வேதியியல்தான் படித்தேன். எங்கள் வீட்டில் சாப்பாட்டு மேசையில் பேசுகிற விஷயம் இது.

நாம் பேசுகிற இந்தப் புகையில்லாப் பவுடரின் அடிப்படை நைட்ரோசெல்லுலோஸ். யூனிக் போன்றவற்றில் நைட்ரோகிளிசரினும் சேரும். நைட்ரோசெல்லுலோஸ் செய்த நாளிலிருந்தே மெல்ல மெல்லச் சிதைந்துகொண்டிருக்கும், அதை யாராலும் நிறுத்த முடியாது. சிதையும்போது நைட்ரஜன் ஆக்சைடுகள் வெளிவரும், அவை ஈரத்தோடு சேர்ந்து அமிலமாகும், அந்த அமிலம் சிதைவை இன்னும் வேகப்படுத்தும். அதாவது தன்னைத்தானே தள்ளிக்கொண்டு போகிற வினை. இதைத் தடுக்கத்தான் தயாரிக்கும்போதே டைஃபீனைலமைன் என்ற நிலைப்படுத்தியை ஒரு சதவீத அளவில் கலக்கிறார்கள், நைட்ரோகிளிசரின் உள்ளவற்றில் எத்தில் சென்ட்ரலைட்டும் போடுவதுண்டு. வெளிவருகிற ஆக்சைடுகளை அது பிடித்துக்கொள்ளும். பிடிக்கப் பிடிக்கத் தானும் தீர்ந்துகொண்டே வரும். தீரும்வரை வெளியே ஒன்றும் தெரியாது, வாசமும் நன்றாகவே இருக்கும். தீர்ந்த பிறகுதான் நெடி, துருத்தூள், சூடு எல்லாம். உங்கள் மூக்கு கண்டுபிடிப்பது கடைசிக் கட்டத்தை மட்டும்.

பழைய கார்டைட்டில் ஒரு வேடிக்கை உண்டு. 58 சதவீதம் நைட்ரோகிளிசரின், 37 சதவீதம் கன்காட்டன் (அதுவும் நைட்ரோசெல்லுலோஸ்தான்), மீதி 5 சதவீதம் வாசலின். குழல் தேயாமல் இருக்க என்றுதான் வாசலினைப் போட்டார்கள். பிற்பாடு பார்த்தால் அதுவே நிலைப்படுத்தியாகவும் வேலை செய்திருக்கிறது! தெரியாமல் செய்த புண்ணியம்.

வெப்பம்தான் இதில் எல்லாவற்றையும் தீர்மானிக்கும். 10 டிகிரி செல்சியஸ் ஏறினால் சிதைவின் வேகம் இரண்டு மடங்குக்கும் மேல் போகும். கோடையில் 40-ஐத் தாண்டுகிற கராஜில் ஒரு வருடம் என்பது குளிர்ந்த நிலவறையில் பல வருடங்களுக்குச் சமம். அதனால் "எத்தனை வருடம்" என்ற கேள்விக்குப் பதில் எங்கே வைத்திருந்தார்கள் என்பதில் இருக்கிறது.

ஆய்வுக்கூடத்தில் எப்படிப் பார்ப்பார்கள் என்றால், மெத்தில் வயலட் தாளைப் பவுடரோடு குழாயில் வைத்து 134.5 டிகிரியில், நைட்ரோகிளிசரின் உள்ளது என்றால் 120-இல், சூடேற்றி, ஊதா நிறம் வெளிறிச் சால்மன் நிறமாக (ஆரஞ்சு கலந்த இளஞ்சிவப்பு) எத்தனை நிமிடம் பிடிக்கிறது என்று கணக்கெடுப்பார்கள். தயவுசெய்து இதை யாரும் சமையலறையில் முயற்சி செய்யாதீர்கள். வீட்டில் நிலைப்படுத்தி எவ்வளவு மிச்சம் என்று அளக்க வழியே இல்லை, அதைச் சொல்லத்தான் இவ்வளவும்.

இது ஏதோ ஏட்டுப் பயம் இல்லை. 1907 மார்ச்சில் துலோன் துறைமுகத்தில் பிரெஞ்சுப் போர்க்கப்பல் இயேனா வெடித்து நூறு பேருக்கு மேல் செத்தார்கள், 1911-இல் அதே துறைமுகத்தில் லிபர்ட்டே என்ற இன்னொரு கப்பல். இரண்டிலும் பழி விழுந்தது பி பவுடர் என்ற பிரெஞ்சுப் புகையில்லாப் பவுடர் சிதைந்ததன் மேல்தான். சமீபத்து உதாரணம் வேண்டுமென்றால் லூசியானாவில் கேம்ப் மிண்டன் ராணுவ வளாகம். 2012 அக்டோபரில் அங்கே ஒரு பங்கர் வெடித்தது, போய்ப் பார்த்தால் சுமார் ஒன்றரைக் கோடி பவுண்டு எம்6 பீரங்கி மருந்து கண்டபடி அடுக்கிக் கிடக்கிறது. நிலைப்படுத்தி தீர்ந்து தானாகப் பற்றிக்கொள்ளுமோ என்ற கவலையில் தனியாக எரிகலம் கட்டி, 2016-இல் ஆரம்பித்து அடுத்த வருடம்தான் எரித்து முடித்தார்கள்.

ஒரு பவுண்டு டப்பாவில் அந்த அளவு ஆபத்து இல்லை, குவியல் பெரிதானால்தான் உள்ளே சூடு தேங்கும். ஆனால் வீடு தீப்பிடிக்க ஒரு கெட்ட டப்பா போதும்.

---

பாலைவனப்பூனை:

சரி, வேதியியல் டீச்சர் சொன்னால் கேட்டுக்கொள்கிறேன். 🙂 ஆனால் ஒரு சந்தேகம். சிதைந்தால் பலம் குறையும்தானே? பலம் குறைந்த பவுடர் சுட்டால் அதிகபட்சம் குண்டு கொஞ்சம் கீழே விழும். அதில் ரைபிளுக்கு என்ன ஆபத்து?

---

பென்சில்வேனியா பழசு:

எப்போதும் குறைகிற பக்கமே போகும் என்று எவன் எழுதிக் கொடுத்தான்? மணிகளின் மேல் எரிவேகத்தை அடக்கி வைக்க ஒரு பூச்சு உண்டு, வயதாக ஆக அது மணிக்குள் இறங்கினால் மேற்பரப்பு வேகமாகப் பற்றும். மூடி சரியில்லாமல் காய்ந்துபோன பவுடரும் வேகமாகத்தான் எரியும். அழுத்தம் ஏறலாம், இறங்கலாம். மிகவும் பலம் குறைந்தால் குண்டு குழலிலேயே மாட்டி, கவனிக்காமல் அடுத்ததைச் சுட்டால் அதுவும் ஆபத்துதான்.

வேட்டைக்காரன் தம்பி, திறக்காத 4350-ஐ மட்டும் நான் வைத்துப் பார்ப்பேன். சீல் உடையாமல், துரு இல்லாமல், வாசம் சரியாக இருந்தால், தோட்டா அடைக்கிற கையேட்டில் போட்டிருக்கிற ஆரம்ப அளவிலிருந்து தொடங்கி மெல்ல ஏறுங்கள், தாத்தா நோட்டுப்புத்தகத்தில் எழுதி வைத்திருக்கிற அளவை நம்பாதீர்கள். அடைத்தால் சீக்கிரம் சுட்டுத் தீருங்கள், அடைத்துப் பத்து வருடம் வைக்கிற வேலைக்கு இந்தப் பவுடர் வேண்டாம்.

---

வேட்டைக்காரன்270:

எல்லாருக்கும் நன்றி. இன்று காலையில் வெயில் ஏறும் முன்பே முற்றத்தில் வைத்துத் திறந்து பார்த்தேன். 4350 சீல் பிரித்தேன், ஈதர் வாசம், தாளில் தூள் ஒன்றும் இல்லை. யூனிக்கும் வாசம் சரிதான், ஆனால் திறந்த டப்பா, எனக்குக் கைத்துப்பாக்கியும் இல்லை, வைத்திருந்து என்ன செய்ய. ஹாட்ஜ்டன் 4831 மூடியைத் திருகியதுமே முகத்தைத் திருப்பிக்கொள்ள வேண்டியதாயிற்று, மூடிக்கு உட்பக்கம் முழுக்கச் செம்மண் நிறம். சூடு இல்லை, புகையும் இல்லை. மூடி தளர்வாக வைத்து வீட்டிலிருந்து தள்ளி நிழலில் வைத்திருக்கிறேன். ஜாடியைத் தொடவே இல்லை.

இரண்டு கேள்வி. எப்படி அழிப்பது? புல்வெளியில் தூவினால் உரம் என்று யூடியூபில் ஒருவர் சொல்கிறார். இன்னொன்று, மேசை இழுப்பறையில் தாத்தா ஏற்கெனவே அடைத்து வைத்த .270 தோட்டாக்கள் ஒரு பெட்டி இருக்கிறது. சிலதில் கழுத்தில் பச்சைப் பூச்சு, ஒன்றில் மெல்லிய விரிசல்.

---

நீலகிரிக்காரி:

விரிசல் விட்ட தோட்டா உள்ளேயிருந்து அரிபட்டதாக இருக்கலாம். சிதைகிற பவுடரின் அமிலம் பித்தளையை அரித்தால் முதலில் கழுத்துதான் போகும். அதே பெட்டியில் மற்றவையும் அதே பவுடராக இருக்க வாய்ப்பு அதிகம். ஒன்றைக்கூடச் சுட வேண்டாம்.

---

பென்சில்வேனியா பழசு:

தோட்டா விஷயத்தில் நானும் அதேதான் சொல்வேன், அடுத்தவர் அடைத்ததை அவர் உயிரோடு இருந்து பக்கத்தில் நின்றாலும் சுடாதே என்பது இங்கே எல்லா கிளப்பிலும் எழுதாத சட்டம்.

உரம் கதை முழுப் பொய்யில்லை, நைட்ரஜன் இருக்கிறது, நல்ல நிலையில் உள்ள கொஞ்சம் பவுடரைப் புல்லில் மெல்லியதாகத் தூவுகிறவர்கள் உண்டு. நான் அந்த வேலைக்குப் போக மாட்டேன், நாய் குழந்தை நடமாடுகிற இடம். எரிப்பதற்குத் துப்பாக்கி, தோட்டா தயாரிப்பாளர்கள் சங்கத்தின் பழைய வழிகாட்டுதல் இருக்கிறது: ஒதுக்குப்புறமான திறந்தவெளியில் ஒரு அங்குலத்துக்கு மேல் உயராத மெல்லிய பரப்பாக, ஒரு தடவைக்கு ஒரு பவுண்டுக்கு மேல் போகாமல், நாம் தூரம் போகிற வரை மெல்ல எரிந்து வருகிற மாதிரி திரிபோல் காகிதமோ சருகோ போட்டு. ஆனால் உங்கள் கவுண்டியில் கோடையில் எரிப்புத் தடை இருந்தால் அதுவும் முடியாது, தீயும் சட்டமும் இரண்டும் உங்கள் மேல் வரும்.

கெட்ட 4831-உம் ஜாடியும் வேறு கணக்கு, அவற்றை நீங்கள் கையாளவே வேண்டாம். தீயணைப்பு நிலையத்தின் அவசரமல்லாத எண்ணுக்கு அழைத்து, சிதைந்த புகையில்லாப் பவுடர் இத்தனை பவுண்டு, கண்ணாடி ஜாடியில் அடையாளம் தெரியாதது ஒன்று, கூடவே ஒரு பெட்டி பழைய தோட்டா என்று அப்படியே சொல்லுங்கள். வந்து எடுப்பார்கள், அல்லது எங்கே கேட்க வேண்டும் என்று சொல்வார்கள். காரில் ஏற்றிக்கொண்டு நீங்களே போக வேண்டாம், வெயிலில் நிற்கிற கார் அந்தக் கராஜைவிட மோசம். குப்பைத்தொட்டியிலும் போடாதீர்கள், குப்பை லாரி உள்ளே வைத்து நசுக்கும். தபாலில் அனுப்பும் யோசனையே வரக் கூடாது.

---

பாலைவனப்பூனை:

ஒன்று மட்டும் சேர்க்கிறேன். ஐஎம்ஆர் 4007 எஸ்எஸ்சி என்ற பவுடரில் சில லாட்கள் (ஒரே தடவையில் தயாரித்த தொகுதிகள்) சீக்கிரம் சிதைகின்றன என்று கம்பெனியே திரும்பப் பெற்றது, அப்போது அவர்கள் வாடிக்கையாளரிடம் சொன்னது டப்பாவில் தண்ணீர் ஊற்றி நிரப்பு என்றுதான். தீயணைப்புக்காரர் வர நாளாகும் என்றால் உங்கள் 4831 டப்பாவுக்கும் அதைச் செய்யலாமா என்று போனிலேயே கேட்டுக்கொள்ளுங்கள்.

என் 4895 டப்பாவின் மூடியை இன்று சாயங்காலம் திறந்து பார்க்கப் போகிறேன். ஒன்றும் சொல்ல வேண்டாம், டீச்சர்.

---

வேட்டைக்காரன்270:

போன் செய்துவிட்டேன். தண்ணீர் ஊற்ற வேண்டாம், தொடாமல் வையுங்கள், நாளை காலை ஆள் வரும் என்றார்கள். யூனிக்கையும் அளவைக் குழாயில் கிடந்ததையும் சேர்த்தே கொடுத்துவிடுகிறேன். 4350-க்குப் புதுக் கையேடு ஆர்டர் போட்டாயிற்று.