செர்ரி கவுண்டி, நெப்ராஸ்கா: கனெக்டிகட்டைவிடப் பெரிய இடத்தில் 5,455 பேர்தானா?

வரைபடக் கிறுக்கன்:

அமெரிக்காவின் நெப்ராஸ்கா மாநிலத்தில் இருக்கும் 93 கவுண்டிகளையும் (நம் ஊர் மாவட்டம் மாதிரி) மக்கள் அடர்த்திப்படி வண்ணம் தீட்டி ஒரு வரைபடம் போட்டுக்கொண்டிருக்கிறேன். 2020 சென்சஸ் கணக்கு. எல்லாம் ஒழுங்காகப் போய்க்கொண்டிருந்தது, செர்ரி கவுண்டி வரும் வரை.

தெற்கு டகோட்டா எல்லையை ஒட்டி, மாநிலத்தின் வட விளிம்பில் கிடக்கிறது. பரப்பளவு சுமார் 6,000 சதுர மைல். கனெக்டிகட் மாநிலம் முழுவதையும் உள்ளே வைத்தாலும் இடம் மிஞ்சும். கனெக்டிகட்டில் 36 லட்சம் பேர் இருக்கிறார்கள். செர்ரியில் 5,455. சதுர மைலுக்கு ஒரு ஆள்கூட இல்லை. முதலில் அட்டவணையில் ஏதோ இலக்கம் விட்டுப்போச்சு என்றுதான் நினைத்தேன். சரிபார்த்தாச்சு, எண் சரிதான்.

பழைய சென்சஸைப் பார்த்தால் குழப்பம் கூடுகிறது. 1920-ல் 11,753 பேர் இருந்திருக்கிறார்கள். நூறு வருஷத்தில் பாதிக்கும் கீழே. பாலைவனமோ என்று சாட்டிலைட் படத்தைத் திறந்தால் பச்சைப்பசேல் என்று இருக்கிறது, நூற்றுக்கணக்கில் சின்னச் சின்ன ஏரிகள் வேறு. தண்ணீர் இருக்கிறது, புல் இருக்கிறது, ஆட்கள் மட்டும் இல்லை. அங்கே இருந்தவர்கள், போய்வந்தவர்கள் யாராவது இருந்தால் சொல்லுங்கள்.

ஒமாஹா ரவி:

1930-களின் டஸ்ட் பவுல்தான் காரணமாக இருக்கும். புழுதிப்புயலில் பயிர் போனது, விவசாயிகள் மூட்டை கட்டிக்கொண்டு கலிபோர்னியா போய்விட்டார்கள். அப்புறம் டிராக்டர் வந்தது, மிச்சம் இருந்தவர்களுக்கும் வேலை இல்லை. மத்திய சமவெளி முழுக்க இதே கதைதானே?

மருந்துக்கடை மீனா:

தம்பி, அந்தக் கவுண்டியின் தலைநகரான வேலன்டைனில் சில வருஷம் ஒரு மருந்துக்கடையில் வேலை பார்த்தவள் நான். கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

ரவி சார் சொல்வது கான்சாஸ், ஓக்லஹோமா பக்கத்துக்குப் பொருந்தும். செர்ரியின் கணக்கைப் பாருங்கள், உச்சம் 1920. டஸ்ட் பவுல் வருவதற்கு முன்பே இறக்கம் தொடங்கிவிட்டது. அதோடு, அங்கே பெரும்பாலான நிலம் உழப்படவே இல்லை. உழ முடியாது, அதுதான் விஷயமே.

நீங்கள் படத்தில் பார்த்த பச்சைக்குக் கீழே இருப்பது மணல். சாண்ட்ஹில்ஸ் என்று சொல்வார்கள். சுமார் 20,000 சதுர மைலுக்கு, மாநிலத்தின் நாலில் ஒரு பங்குக்கு, காற்று கொண்டுவந்து குவித்த மணற்குன்றுகள். மேற்கு அரைக்கோளத்திலேயே பெரிய மணற்குன்றுப் பரப்பு இதுதான். சில குன்றுகள் 400 அடி உயரம். புல் வேர்விட்டுப் பிடித்து வைத்திருப்பதால்தான் அது நகராமல் நிற்கிறது. ஒரு இடத்தில் புல் போய்விட்டால், மாடு அதிகம் மிதித்தோ வண்டித் தடம் விழுந்தோ, காற்று அங்கே குடைய ஆரம்பிக்கும். கிண்ணம் போலப் பள்ளம் பெரிதாகிக்கொண்டே போகும். அதற்கு அவர்கள் வைத்திருக்கும் பெயர் ‘ப்ளோ அவுட்’. பண்ணைக்காரர்கள் பழைய டயர், கெட்டுப்போன புல் கட்டு எல்லாம் கொண்டுபோய் அதில் போட்டு அடைப்பதைப் பார்த்திருக்கிறேன்.

மழை வருஷத்துக்கு 20 அங்குலம் போலத்தான். ஆனால் ஓடி வீணாவதில்லை, சல்லடையில் ஊற்றியது போல நேராகக் கீழே இறங்கிவிடும். கீழே ஓகலாலா நிலத்தடி நீர்ப்படுகை, அதன் மிக ஆழமான பகுதிகள் இந்தக் குன்றுகளுக்கு அடியில்தான் இருக்கின்றன. குன்றுகளுக்கு நடுவே தாழ்வாக இருக்கும் இடத்தில் அந்த நீர்மட்டம் தரைக்கு மேலே தலைகாட்டுகிறது. நீங்கள் பார்த்த ஏரிகள் அவைதான். ஏரி என்று ஆகாத இடங்களில் ஈரப் புல்வெளியாக நிற்கும், அதை அறுத்துக் காயவைத்துத்தான் குளிர்காலத்துக்கு மாட்டுக்குப் போடுகிறார்கள். ஆக தண்ணீர் இருக்கிறது, மண் இல்லை.

இப்போது ஆட்கள் விஷயத்துக்கு வருகிறேன். வெள்ளைக்காரர்கள் வருவதற்கு முன் இது லகோட்டா பழங்குடிகள் வேட்டையாடிய நிலம். அவர்களை வடக்கே ரோஸ்பட் ரிசர்வேஷனுக்குள், அதாவது பழங்குடிகளுக்கு என்று ஒதுக்கிய நிலத்துக்குள், அடைத்துவிட்டு, அவர்கள்மேல் ஒரு கண் வைக்க 1880-ல் நயோப்ராரா கோட்டையைக் கட்டினார்கள். கவுண்டியின் பெயரே அந்தக் கோட்டையின் லெப்டினன்ட் சாமுவேல் செர்ரியுடையது. அவர் சாவு விசித்திரமானது. 1881-ல் கொள்ளைக்காரர்களைத் தேடிப்போன இடத்தில் சொந்தப் படைவீரன் ஒருவனே அவரைச் சுட்டுவிட்டான்.

கால்நடைக்காரர்கள்கூட முதலில் குன்றுகளுக்குள் போகப் பயந்தார்கள். உள்ளே போன மாடு திரும்பாது என்று நம்பிக்கை. 1879 வசந்தத்தில், பனிப்புயலில் சிதறிப்போன மாடுகளைத் தேடி ஒரு பண்ணையின் ஆட்கள் துணிந்து உள்ளே போனார்கள். போனால், மாடுகள் குளிர்காலம் முழுக்க அங்கேயே மேய்ந்து கொழுத்து நிற்கின்றன! அத்தோடு பெரிய பண்ணைகள் உள்ளே இறங்கின, அரசு நிலத்துக்கெல்லாம் தங்கள் பாட்டுக்கு வேலி போட்டன.

அடுத்து வந்ததுதான் உங்கள் 11,753. குடியேறுகிறவர்களுக்கு அரசு நிலம் தரும் 1862-ன் ஹோம்ஸ்டெட் சட்டம் ஒரு குடும்பத்துக்கு 160 ஏக்கர் கொடுத்தது. இந்த மணலில் அது எதற்கும் காணாது என்று தெரிந்து, மோசஸ் கின்கெய்ட் என்ற காங்கிரஸ் உறுப்பினர் 1904-ல் ஒரு சட்டம் கொண்டுவந்தார். நெப்ராஸ்காவின் 37 கவுண்டிகளில் மட்டும் ஒரு ஆளுக்கு 640 ஏக்கர், அதாவது ஒரு முழு சதுர மைல். ஐந்து வருஷம் குடியிருந்து, ஏக்கருக்கு 1.25 டாலர் மதிப்புக்கு ஏதாவது கட்டியெழுப்பினால் நிலம் சொந்தம். கூட்டம் குவிந்தது. கவுண்டியின் மக்கள்தொகை 1900-ல் 6,541, 1910-ல் 10,414.

640 ஏக்கர் என்றால் கேட்க ராஜ வாழ்க்கை மாதிரி இருக்கும். கணக்குப் போட்டுப் பாருங்கள். அந்தப் புல்லில் ஒரு பசுவும் கன்றும் வருஷம் தாண்ட, இடத்தைப் பொறுத்து, 10 முதல் 20 ஏக்கர் வேண்டும். ஆக 40 மாடு சொச்சம். அதை வைத்து ஒரு குடும்பம் எத்தனை நாள் ஓட்டும்? சிலர் உழுது சோளம் போட்டுப் பார்த்தார்கள். உழுத இடம் பறந்துபோனது. முதல் உலகப்போர் முடிந்து விலை விழுந்ததும் ஒவ்வொருவராகப் பக்கத்துப் பண்ணைக்கு விற்றுவிட்டுக் கிளம்பினார்கள். ஆள் குறையக் குறையப் பண்ணை பெரிதானது. இன்றும் அதே திசையில்தான் போகிறது, 2000-ல் 6,148, 2010-ல் 5,713, இப்போது 5,455. சிலருக்கு இது ஒரு கவுண்டி செத்துக்கொண்டிருக்கும் கதை. எனக்கு அப்படித் தோன்றவில்லை. அந்த 11,753-தான் சட்டத்தின் ஆசையில் வந்த எண். அந்த நிலம் தாங்கக்கூடிய எண்ணிக்கையைப் புல் எப்போதோ முடிவு செய்துவிட்டது.

ஆனால் மாடுகள்? ஒன்றரை லட்சத்துக்கும் மேல். இறைச்சிக்காகக் கன்று ஈனும் பசுக்களின் எண்ணிக்கையில் அமெரிக்காவின் எல்லா கவுண்டிகளையும் முந்தி முதலிடம் வாங்கிய இடம் இது. உங்கள் வரைபடத்தில் மாட்டுக்கு ஒரு நிறம் இருந்தால் செர்ரி பளிச்சென்று எரியும்.

வரைபடக் கிறுக்கன்:

அக்கா, இத்தனை விவரம் எதிர்பார்க்கவில்லை. மிக்க நன்றி. ஒரு சந்தேகம். அந்த 5,455 பேர் கவுண்டி முழுக்கப் பரவி இருக்கிறார்களா? என் வரைபடத்தில் 6,000 சதுர மைலுக்கும் ஒரே வெளிர் மஞ்சள் அடித்து வைத்திருக்கிறேன்.

மருந்துக்கடை மீனா:

அந்த மஞ்சள் தப்பான சித்திரம் கொடுக்கும். பாதிக்குக் கொஞ்சம் குறைவு, 2,600 சொச்சம் பேர், வேலன்டைன் என்ற ஒரே டவுனில் இருக்கிறார்கள். மற்ற கிராமங்கள் வுட் லேக், க்ரூக்ஸ்டன், கில்கோர், நென்ஸல், கோடி, மெரிமன். வேலன்டைனோடு சேர்த்து ஏழும் நெடுஞ்சாலை 20-ல், கவுண்டியின் வடக்கு ஓரத்தில் வரிசையாக நிற்கின்றன. காரணம் ரயில். 1880-களில் அந்த வழியாகத்தான் தண்டவாளம் போட்டார்கள், ஸ்டேஷன் வந்த இடம் ஊரானது. 1992-ல் ரயில் நின்றுபோனது. வேலன்டைனுக்குக் கிழக்கே தடம் இப்போது சைக்கிள் பாதை, நயோப்ராரா ஆற்றுக்கு மேல் அந்தப் பழைய உயரமான பாலத்தில் நடந்து போகலாம். அந்த வரிசைக்குத் தெற்கே ஊராட்சி என்று ஒன்றுமே கிடையாது. பண்ணை வீடுகள், பல மைல் இடைவெளியில் ஒவ்வொன்று.

எங்கள் கடைக்கு வருகிறவர்களில் அந்தப் பக்கத்து ஆட்களை உடனே அடையாளம் தெரிந்துவிடும். மூன்று மாத மருந்தை மொத்தமாக வாங்குவார்கள், அப்படியே மளிகை, டிராக்டர் உதிரிபாகம், மாட்டுக்குத் தடுப்பூசி எல்லாம் முடித்துக்கொண்டுதான் திரும்புவார்கள். பனி விழும் என்று செய்தி வந்தால் போன் அடித்து, மருந்து எடுத்து வைத்தாச்சா என்று உறுதி செய்துகொண்டே கிளம்புவார்கள். கடை மூடும் நேரமும் ஒரு தொல்லை. கவுண்டிக்குள்ளேயே நேர மண்டலம் மாறுகிறது. வேலன்டைன் சென்ட்ரல் டைம், 60 மைல் மேற்கே மெரிமன் மவுண்டன் டைம், ஒரு மணி நேரம் பின்னால். ஆறு மணிக்கு மூடுவோம் என்று சொன்னால், “யார் ஆறு மணி?” என்று கேட்பார்கள்.

பிள்ளைகள் படிப்பும் இப்படித்தான். ஒரே ஆசிரியர் இருக்கும் பள்ளிக்கூடங்கள் முன்பு ஏராளம், இப்போது சொற்பம். உயர்நிலைப் பள்ளி வயது வந்ததும் அம்மாவும் பிள்ளையும் வாரநாட்களில் டவுனில் வீடெடுத்துத் தங்கி, வெள்ளிக்கிழமை பண்ணைக்குத் திரும்பும் குடும்பங்கள் எனக்குத் தெரியும்.

இன்னொன்று, உங்கள் வரைபடம் மாநில எல்லையோடு நின்றுவிடுகிறது இல்லையா? வேலன்டைனிலிருந்து வடக்கே கொஞ்ச தூரத்தில் ரோஸ்பட் ரிசர்வேஷன் தொடங்குகிறது. அது இருக்கும் தெற்கு டகோட்டாவின் டாட் கவுண்டி பரப்பில் செர்ரியின் நாலில் ஒரு பங்குகூட இல்லை, ஆனால் அங்கே 9,319 பேர். அவர்களில் பலர் சாமான் வாங்க வருவது வேலன்டைனுக்கு. எல்லைக்கு இந்தப் பக்கம் மட்டும் எண்ணினால் அந்த டவுன் எதை நம்பிப் பிழைக்கிறது என்பது பாதிதான் புரியும்.

ஒமாஹா ரவி:

ஒப்புக்கொள்கிறேன், டஸ்ட் பவுல் இங்கே செல்லாது. ஒரு துணுக்கு மட்டும். நெப்ராஸ்காவில் பல கவுண்டிகளின் நம்பர் பிளேட் கவுண்டி எண்ணில்தான் தொடங்கும். 1922-ல் எந்தக் கவுண்டியில் எத்தனை வண்டி என்று வரிசைப்படுத்தி வைத்த எண் அது. பரப்பில் முதலிடத்தில் இருக்கும் செர்ரிக்குக் கிடைத்தது 66. மக்கள்தொகை உச்சத்தில் இருந்த காலத்திலேயே அந்த நிலைமை!

கோடை காலத்தில் நாங்கள் நண்பர்களோடு அங்கே போவோம். மாட்டுக்குத் தண்ணீர் வைக்கும் பெரிய வட்டத் தொட்டியை நயோப்ராராவில் இறக்கி, அதில் உட்கார்ந்து மிதந்துகொண்டே போவார்கள். துடுப்பு போடத் தெரியாதவனுக்கு அதைவிடச் சுகம் இல்லை. வழியில் ஸ்மித் ஃபால்ஸ், மாநிலத்திலேயே உயரமான அருவி.

நூலகத்து இளங்கோ:

மீனா சொன்ன கின்கெய்ட் காலத்தில் விட்டுப்போன ஒரு ஊர் உண்டு. டிவிட்டி. 1907-ல் கறுப்பினக் குடும்பங்கள் நார்த் லூப் ஆற்றங்கரையில், பிரவுன்லி என்ற சிற்றூருக்குப் பக்கத்தில் போட்ட குடியேற்றம். அவர்களில் சிலருடைய பெற்றோர் அடிமைத்தனத்திலிருந்து தப்பிக் கனடா போனவர்கள். பிள்ளைகள் அங்கிருந்து நெப்ராஸ்காவின் ஓவர்ட்டன் பக்கம் வந்து, பிறகு 640 ஏக்கர் கிடைக்கும் என்று இங்கே வந்தார்கள். நெப்ராஸ்காவின் கிராமப்புறக் கறுப்பினக் குடியேற்றங்களில் மிகப் பெரியதும் அதிக காலம் நின்றதும் அதுதான். புல்கரண் (புல்லும் வேரும் பின்னிய மண்கட்டி) வெட்டி அடுக்கிய வீடுகள், பள்ளி, தேவாலயம், தபால் நிலையம் எல்லாம் இருந்தன. ஊருக்குப் பிற்பாடு ‘ஆடேஷியஸ்’, அதாவது துணிச்சல்காரர் என்றே பெயர் வைத்துக்கொண்டார்கள். 1930-களுக்குள் கலைந்துவிட்டது. இப்போது நெடுஞ்சாலை 83 ஓரத்தில் ஒரு நினைவுப் பலகை நிற்கிறது.

வரைபடக் கிறுக்கன்:

அருமை. வண்ணத்தைத் தூக்கிவிட்டுப் புள்ளி வரைபடமாக மாற்றுகிறேன், பத்துப் பேருக்கு ஒரு புள்ளி. டாட் கவுண்டியையும் சேர்க்கிறேன். தெற்கே ஆர்தர் கவுண்டி 434, மக்ஃபர்சன் 399 என்று காட்டுகிறது. அதுவும் இதே கதைதானா?

மருந்துக்கடை மீனா:

அதே மணல்தான். அங்கே ரயிலும் வரவில்லை, அதனால் வேலன்டைன் அளவுக்கு ஒரு டவுன்கூட உருவாகவில்லை. ஆர்தர் போனால் அந்தப் பழைய தேவாலயத்தைப் பாருங்கள். 1928-ல் கட்டியது. மரம் கிடையாது, அந்த இடத்து மணல் கலந்த புல்கரண் நிற்காது, கையில் இருந்த வைக்கோல் கட்டுகளை அடுக்கிச் சுவர் எழுப்பி மேலே பூசிவிட்டார்கள். அதே முறையில் செர்ரியின் கோடி கிராமத்தில் 2013-ல் ஒரு மளிகைக்கடை திறந்தார்கள். ஊரில் கடையே இல்லாமல் போனதால் பள்ளிப் பிள்ளைகளே நடத்துகிறார்கள். பத்துப் பேருக்கு ஒரு புள்ளி வைத்தால் நென்ஸலுக்கு ஒன்றோ இரண்டோதான் விழும், பார்த்துக்கொள்ளுங்கள்.