பெட்ரீப்ஸ்ராட் தேர்தலில் நிற்கலாமா?

ஐசார்_கரை:
மியூனிக்கில் 64 பேர் வேலை பார்க்கும் மென்பொருள் கம்பெனி எங்களுடையது. பெட்ரீப்ஸ்ராட், அதாவது ஊழியர் குழு, அமைக்க மூன்று பேர் சேர்ந்து கூட்டத்துக்கு நோட்டீஸ் ஒட்டிவிட்டார்கள். என்னையும் நிற்கச் சொல்கிறார்கள். முதலாளியோ, "குடும்பம் மாதிரி இருக்கிறோம், இது எதற்கு? செலவு ஏறும், புது ஆள் எடுக்க முடியாது" என்கிறார். நான் வந்து ஒன்றரை வருடம்தான், புளூ கார்டு (வெளிநாட்டு நிபுணர்களுக்கான வேலை அனுமதி). நின்றால் வேலைக்கு ஆபத்தா? அவர் சொல்வதில் உண்மை இருக்கிறதா?

அம்பத்தூர்_டர்னர்:
தம்பி, ஸ்டுட்கார்ட் பக்கம் ஒரு உதிரிபாக ஆலையில் எட்டு வருடம் நான் அந்தக் குழுவில் இருந்தவன். ஆறு மாதம் வேலை பார்த்திருந்தால் நிற்கலாம், எந்த நாட்டு பாஸ்போர்ட் என்று யாரும் கேட்கமாட்டார்கள். நிற்பவரைச் சாதாரணமாக வேலையை விட்டு அனுப்பவும் முடியாது. ஆனால் ஒப்பந்தத்தில் காலவரம்பு இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். தேதி வந்தால் அது தானாக முடிந்துவிடும், அங்கே இந்தப் பாதுகாப்பு உதவாது.

செலவு உண்டு, பொய் சொல்லமாட்டேன். கூட்ட நேரம், பயிற்சி எல்லாம் கம்பெனி தலையில். சனிக்கிழமை ஓவர்டைம் போட மேலாளர் வியாழக்கிழமையே எங்கள் அறைக்கு வந்து நிற்பார். காபி ஆறும்வரை வாக்குவாதம். ஆனால் 2009-இல் ஆர்டர் படுத்தபோது அதே அறையில்தான் குர்ட்ஸ்ஆர்பைட், அதாவது ஆளை அனுப்பாமல் வேலை நேரத்தைக் குறைக்கும் ஏற்பாடு, அதற்கு ஒப்பந்தம் போட்டோம். வாரம் மூன்று நாள்தான் வேலை. கையில் வரும் சம்பளத்தில் குறைந்ததற்கு 60 சதவீதம், பிள்ளை இருப்பவர்களுக்கு 67, அரசு தந்தது. ஒருவரையும் அனுப்பவில்லை. அடுத்த வருடம் ஆர்டர் திரும்பியபோது என் லேத்தை ஓட்ட நானே இருந்தேன்; புது ஆளுக்குக் கற்றுக்கொடுக்கும் செலவு மிச்சம். எங்கள் முதலாளி அதை மட்டும் கணக்கில் சொன்னதே இல்லை.

எண்கணக்கு:
சம்பளம் ஏறும் என்று நம்பி நிற்காதீர்கள். பங்கு நிறுவனங்களின் மேற்பார்வைக் குழுவில், அதாவது நிர்வாகத்தைக் கண்காணிக்கும் மேல்மட்டக் குழுவில், மூன்றில் ஒரு பங்கு தொழிலாளர்களுக்கு என்ற கட்டாயம், 1994 ஆகஸ்ட் 10 முதல் தொடங்கிய 500 பேருக்குக் குறைவான நிறுவனங்களுக்கு இல்லாமல் போனது. யேகர், ஷோஃபர், ஹைனிங் என்ற மூன்று பொருளாதார ஆய்வாளர்கள் அதற்கு முன்னே பிறந்தவற்றையும் பின்னே பிறந்தவற்றையும் ஒப்பிட்டார்கள். தொழிலாளர் உட்கார்ந்த இடத்தில் சம்பளம் கூடவில்லை. முதலீடு குறையவும் இல்லை, கூடத்தான் செய்தது.

அம்பத்தூர்_டர்னர்:
அது மேற்பார்வைக் குழு சார். தம்பி கேட்பது ஓவர்டைம், ஷிப்ட், ஆள்நீக்கம் பேசுகிற குழு. இரண்டையும் குழப்ப வேண்டாம்.

ஐசார்_கரை:
நன்றி அண்ணா. ஒப்பந்தத்தைத் தேடி எடுத்தேன், காலவரம்பு இல்லை. 64 பேருக்கு ஐந்து இடமாம். இதுவரை நான்கு பெயர்தான் வந்திருக்கிறது.