புதுப்பிப்பு: ஐந்து தண்டு மேப்பிள்

ஒரே அடியிலிருந்து ஐந்து தண்டுகள் கிளம்பிய என் இளம் டிரைடென்ட் மேப்பிள் போன்சாயில் (தொட்டியில் குறுக்கி வளர்க்கும் மரம்) எத்தனையை வைத்துக்கொள்ளலாம் என்று முன்பு கேட்டிருந்தேன். ஐந்தும் இருக்கின்றன. சிக்கல் எண்ணிக்கையில் இல்லை; எல்லாம் ஒரே பருமனாக இருந்ததுதான். அதனால் நடுத்தண்டை மட்டும் வெட்டாமல் ஓங்கி வளர விட்டிருக்கிறேன். இலைப்பரப்பு கூடினால்தான் தண்டு பருக்கும். மற்ற நான்கிலும் தளிர் நீண்டதும் முதல் இலை ஜோடியை மட்டும் விட்டு, மேலே உள்ளதை நறுக்கிவிடுகிறேன்.

மொட்டு விரியும் முன்பே மண் மாற்றினேன். நேர்கீழாக இறங்கிய வேர்களை அகற்றி, பக்கவேர்களைச் சுற்றிலும் விரித்து நட்டேன். மண்ணுக்கு மேல் தெரியும் அந்த வேர்ப்பரப்புதான் என் கண்ணுக்கு மரத்தின் பாதி அழகு!

கிளையை வளைக்கக் கம்பி சுற்றியவர்கள் அடிக்கடி பாருங்கள். மேப்பிள் வேகமாகப் பருக்கும். கம்பி அழுந்தி பட்டையில் தழும்பு விழுந்துவிடும். பெரிய வெட்டுகளைக் கோடையில், இலைகள் முதிர்ந்த பிறகே செய்யப்போகிறேன். குளிர்கால முடிவில் வெட்டினால் சாறு வடியும்.