பொருள்: ‘நிலை நிலைப்பு’ – நாளைக்குள் வேறு சொல் வேண்டும்

வைகைக்கரையான் எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். சனிக்கிழமை ஆசிரியர்களுக்கு டிட்லிவிக்கி (குறிப்புகளை எழுதி ஒரே கோப்பில் சேமிக்கும் மென்பொருள்) பயிலரங்கு. கையேடு நாளை மாலை அச்சகத்துக்குப் போகணும். ஏழாம் பக்கத்தில் மாட்டிக்கொண்டேன். ‘ஸ்டேட் பெர்சிஸ்டன்ஸ்’ என்பதை ‘நிலை நிலைப்பு’ என்று எழுதி வீட்டில் படித்துக் காட்டினேன். மகள் சிரித்துவிட்டாள்.

விஷயம் இதுதான். பக்கப்பட்டையில் ஒரு தாவலை (டேப்) தேர்ந்தால் அந்தத் தேர்வும் ஒரு டிட்லராகவே, அதாவது அந்த மென்பொருளின் ஒரு குறிப்பாகவே, பதிவாகிறது. அதன் பெயர் டாலர், முக்காற்புள்ளி, சாய்கோடு, அப்புறம் ‘ஸ்டேட்’ என்று தொடங்கும். ‘டெம்ப்’ என்று தொடங்குபவை கோப்பில் ஏறாது, இது ஏறும். மறுநாள் திறந்தாலும் அதே தாவல். இதற்கு ஒரு சொல் தாருங்கள்.

நிரலன் எழுதியது:

ஒரு திருத்தம். தாவலை மட்டும் மாற்றிப் பாருங்கள், சேமிப்புப் பொத்தான் சிவக்காது. மென்பொருள் அதை ஒரு மாற்றமாகவே எண்ணுவதில்லை. வேறு குறிப்பைத் திருத்திச் சேமிக்கும்போது இதுவும் கூடவே ஏறிக்கொள்ளும், பஸ்ஸில் இடுப்புக் குழந்தைக்கு டிக்கெட் கிடையாது என்பது போல. ‘நிலைப்பு’ என்று அடித்துச் சொன்னால் பாதி பொய்.

பேசாமல் ‘ஸ்டேட்’ என்றே விடுங்கள். யாருக்கும் புரியும்.

புலவர் எழுதியது:

புரியும் என்றால் இன்டர்நெட்டும்தான் புரிந்தது. சிங்கப்பூர் நா. கோவிந்தசாமி ‘இணையம்’ என்றார். இன்று அதை யார் அகராதியில் தேடுகிறார்கள்?

ஆனால் ‘நிலை’ இங்கே தவறு. நில் என்பது வேர். நிலம், நிலையம், நிலுவை எல்லாம் அதன் பிள்ளைகள். தேர் எப்போது ‘நிலைக்கு வந்தது’ என்கிறோம்? புறப்பட்ட இடத்துக்கே திரும்பி வந்து நின்றால்தான். உங்கள் மென்பொருளில் தேர் நடுத்தெருவில் நிற்கிறது, மறுநாள் அங்கிருந்தே வடம் பிடிக்கிறீர்கள். அது நிலையே அல்ல. போன பிறவியில் விட்டதை இந்தப் பிறவியில் தொடர்வதற்கு நம்மிடம் சொல் இருக்கிறதே: விட்டகுறை. குறை என்றால் குற்றம் மட்டுமல்ல, துண்டு என்றும் பொருள் உண்டு. ‘எச்சம்’ என்றாலும் சரி.

நிரலன் எழுதியது:

ஐயா, ‘எச்சம்’ என்றால் வகுப்பில் எல்லோரும் காக்கையைத்தான் நினைப்பார்கள். ‘விட்டகுறையை அழி’ என்று பொத்தானில் எழுதினால் பரிகாரம் போல இருக்கிறது.

பனங்கூடல் எழுதியது:

யாழ்ப்பாணத்திலிருந்து ஒரு ஐயம். தாவல் நிற்கிறது, சரி. திறந்து கிடந்த குறிப்புகள் நிற்பதில்லையே? தொடக்கப் பட்டியலில் உள்ளவைதான் மறுபடி வருகின்றன. அவையும் வேண்டுமென்றால் கட்டுப்பாட்டுப் பலகத்தில் தனியாகக் கேட்க வேண்டும். இரண்டுக்கும் ஒரே சொல்லா? நான் மாணவருக்கு ‘இருந்தபடி’ என்றுதான் சொல்லுவேன்.

புலவர் எழுதியது:

அப்படியானால் அந்தாதி! முடிந்த இடமே தொடக்கம்.

நிரலன் எழுதியது:

தேடினால் அபிராமி அந்தாதிதான் வரும், ஐயா.

அது இருக்கட்டும். 2004இல் ஜெரெமி ரஸ்டன் இதை வெளியிட்டபோது குறிப்புக்கு வைத்த பெயர் ‘டிட்லர்’. ஆங்கிலத்தில் அது பொடிமீன். யாராவது மொழிபெயர்த்தீர்களா?

புலவர் எழுதியது:

அயிரை! குறுந்தொகை 128ஆம் பாட்டில் கிழட்டு நாரை கீழ்க்கடற்கரையில் இருந்துகொண்டு மேல்கரைத் தொண்டியின் அயிரைக்கு ஏங்கும். கைக்கு எட்டாத குறிப்பைத் தேடும் எவருக்கும் அது பொருந்தும். ‘புதிய அயிரை’ என்று பொத்தானில் போடுங்கள்.

வைகைக்கரையான் எழுதியது:

ஐயா, மதுரையில் அயிரை என்றால் குழம்புதான். பயிலரங்கு வேறு பசி நேரத்தில் நடக்கிறது.

மணி பதினொன்று. ‘விட்டநிலை’ என்று முடிக்கலாமா? புலவரின் பாதி, என் பாதி. தாவலுக்கு ‘விட்டநிலை’, திறந்திருந்தவற்றுக்கு ‘விட்டவரிசை’. மறுப்பவர்கள் காலை எட்டுக்குள் எழுதுங்கள்.

நிரலன் எழுதியது:

சரி.

புலவர் எழுதியது:

குறையைத்தான் விட்டுவிட்டீர்கள். இருந்தாலும் சரி.

பனங்கூடல் எழுதியது:

பிந்திவிட்டேன், எட்டரை ஆகிவிட்டது. ‘விட்டநிலை’ எனக்குக் கைவிட்ட நிலை போலக் கேட்கிறது. ‘நிலையை விட்டநிலைக்கு மாற்று’ என்று ஒரு கட்டளை வந்தால் என்ன செய்வீர்கள்?

வைகைக்கரையான் எழுதியது:

ஏழாம் பக்கம் அச்சுக்குப் போய்விட்டது. மூன்றாம் பக்கத்தில் டிட்லர் ‘குறிப்பு’ என்றே இருக்கிறது. புலவர் ஐயா மன்னிக்கவும்.