ஊதா இதழ், மஞ்சள் நடு: இது ஆல்ப்ஸ் ஆஸ்டரா, எரிஜெரானா? எதை வைத்துப் பிரிப்பது?

மலைப்பாதை:

வணக்கம். ஜூலை நடுவில் ஆல்ப்ஸ் மலையில், ஏறக்குறைய 2,200 மீட்டர் உயரத்தில் ஒரு புல்வெளி வழியாக நடந்தேன். வழி நெடுக ஊதாப் பூக்கள், நடுவில் மஞ்சள். எல்லாம் ஒரே செடி என்று நினைத்துப் படம் எடுத்துக்கொண்டே போனேன். திரும்பி வந்து பெரிதாக்கிப் பார்த்தால் இரண்டு விதமாகத் தெரிகிறது. சிலவற்றில் இதழ்கள் அகலம், சிலவற்றில் நூல் நூலாக இருக்கின்றன. செயலியில் போட்டேன். ஒரே செடியின் ஒரு படத்துக்கு ஆல்ப்ஸ் ஆஸ்டர் என்கிறது, இன்னொரு படத்துக்கு ஆல்ப்ஸ் எரிஜெரான் என்கிறது. கூட வந்த மகளிடம் எல்லாமே ஆஸ்டர் என்று சொல்லிவிட்டேன். அவள் நோட்டில் எழுதியும் வைத்துவிட்டாள். தவறு என்றால் திருத்த வேண்டும். எதைப் பார்த்து முடிவு செய்வது?

இலைநரம்பு:

வணக்கம் நண்பரே. இரண்டுமே சூரியகாந்திக் குடும்பம். நாம் ஒரு பூ என்று சொல்வது உண்மையில் ஒரு கூட்டம். சுற்றிலும் இருக்கும் ஒவ்வொரு ‘இதழும்’ தனி ஒரு கதிர்ச் சிறுமலர். நடுவில் மஞ்சளாகத் தெரிவது நூற்றுக்கணக்கில்கூட இருக்கும் குட்டிக் குழல் மலர்கள். அதனால் முகத்தை மட்டும் பார்த்தால் இந்தக் குடும்பத்தில் பாதிப் பூக்கள் ஒன்றுபோலத்தான் தெரியும்.

பூவைத் திருப்பிப் பின்பக்கம் பாருங்கள். தலையை, அதாவது இந்த மொத்தக் கூட்டத்தையும், தாங்கும் பச்சைச் செதில்கள் ஓட்டுக்கூரை போலச் சிறிதும் பெரிதுமாக ஒன்றன்மேல் ஒன்று பல வரிசையில் அடுக்கியிருந்தால் ஆஸ்டர். எல்லாம் ஏறக்குறைய ஒரே நீளத்தில், வேலி போல ஒன்று இரண்டு வரிசையில் நின்றால் எரிஜெரான். பூக்கும் காலமும் உதவும். எரிஜெரான் முந்திப் பூக்கும், ஆஸ்டர் கோடை முடிவிலும் இலையுதிர் காலத்திலும் வரும். ஜூலை என்கிறீர்கள், அப்படியானால் எரிஜெரானாகத்தான் இருக்கும் என்று நினைக்கிறேன்.

பனிக்கோடு:

இலைநரம்பு சொன்ன விதி நல்ல விதிதான். ஆனால் இந்த இடத்தில் அதை நம்பினால் தவறாகப் போகும். அது வட அமெரிக்க ஆஸ்டர்களுக்குப் பொருந்துகிற விதி. அந்தச் செடிகள் பலவும் இப்போது ஆஸ்டர் என்ற பேரினத்திலேயே இல்லை. 1994இல் கை நெசம் என்ற தாவரவியலாளர் அவற்றைச் சிம்ஃபியோட்ரிகம் முதலான பேரினங்களாகப் பிரித்துவிட்டார். ஆல்ப்ஸ் ஆஸ்டர் அப்படி இல்லை. அதன் பின்பக்கச் செதில்களும் ஏறக்குறைய சம நீளம்தான். பூப்பதும் கோடையின் நடுவில். செதிலையும் மாதத்தையும் மட்டும் பார்த்தால் ஒவ்வொரு முறையும் அதை எரிஜெரான் என்றே எழுதுவோம். நானும் இரண்டு கோடைகள் அப்படித்தான் எழுதி வைத்திருந்தேன்.

இந்த மலையில் முதலில் கதிர் மலரின் அகலத்தைப் பாருங்கள். ஆல்ப்ஸ் ஆஸ்டரில் ஒவ்வொன்றும் 2 மில்லிமீட்டர் அளவுக்கு அகலம், ஒரே வரிசை, பொறுமையாக எண்ணிவிடலாம். முழுத் தலையும் 3 முதல் 5 சென்டிமீட்டர் இருக்கும். தண்டுக்கு ஒரே ஒரு தலை. எரிஜெரானில் கதிர்கள் 1 மில்லிமீட்டருக்கும் குறைவு, சீப்புப் பல் போல நெருக்கம், எண்ணத் தொடங்கினால் பாதியில் விட்டுவிடுவோம். தலையும் சிறியது.

விதையில் பஞ்சு இருக்கிறதா என்று பார்த்து இவை இரண்டையும் பிரிக்க முடியாது, இரண்டிலும் இருக்கும். எரிஜெரான் என்ற பெயரே அந்த வெள்ளை முடியால் வந்தது. கிரேக்கத்தில் ‘சீக்கிரம் கிழவனானவன்’ என்று பொருள். ஆனால் ஆஸ்டரும் அதேபோல நரைக்கும். வெள்ளை டெய்சி என்று நினைத்த ஒன்றில் சந்தேகம் வந்தால் அப்போது பஞ்சைத் தேடுங்கள். சாதாரண டெய்சியில் அது கிடையாது.

மலைப்பாதை:

மிக்க நன்றி. நீங்கள் சொன்னபடி படங்களை எடுத்து மறுபடி பார்த்தேன். பெரும்பாலும் மேலிருந்து எடுத்தவை, பக்கவாட்டில் எடுத்தது இரண்டே இரண்டு. பாறை ஓரத்தில் இருந்தவற்றில் கதிர்கள் அகலம், எண்ணினேன், 31 வந்தது. தண்டில் ஒரு தலைதான். அடி இலை கரண்டி வடிவம். புல்லுக்குள் இருந்தவற்றில் நூல் கதிர், ஒரு தண்டில் மூன்று தலைகள். ஒன்றில் கதிருக்கும் மஞ்சளுக்கும் நடுவே மெல்லிய வெளிர் வளையம் போல ஏதோ தெரிகிறது. அது என்ன? படம் கலங்கலா என்று புரியவில்லை.

பனிக்கோடு:

கலங்கல் இல்லை! அந்த வளையத்தைத்தான் நான் கேட்க இருந்தேன். ஆல்ப்ஸ் எரிஜெரானில் கதிர்களுக்கும் நடுக் குழல் மலர்களுக்கும் இடையே இழை போன்ற பெண் சிறுமலர்கள் இருக்கும். நாக்கு நீளாமல் நின்றுவிட்டவை. 10 மடங்கு கைலென்ஸ் இருந்தால் ஒரு கதிரை விலக்கியதும் தெரிந்துவிடும். அதே மலையில் வளரும் எரிஜெரான் யூனிஃப்ளோரஸ், எரிஜெரான் கிளாப்ராட்டஸ் இரண்டிலும் இந்த இழை மலர்கள் இல்லை. யூனிஃப்ளோரஸில் ஒரே தலை, செதில்களில் வெள்ளை மயிர் அடர்ந்திருக்கும். கிளாப்ராட்டஸில் செதில் கிட்டத்தட்ட வழுவழுப்பு. உங்கள் புல்வெளிச் செடியில் மூன்று தலையும் இழை வளையமும் இருப்பதால் ஆல்ப்ஸ் எரிஜெரான் என்று எழுதலாம். பாறை ஓரத்தது ஆல்ப்ஸ் ஆஸ்டர். அடி இலையில் மூன்று நரம்பு தெரிகிறதா என்றும் பாருங்கள், தெரிந்தால் இன்னும் உறுதி.

இலைநரம்பு:

பனிக்கோடு சொன்னதுதான் சரி. நான் சொன்ன விதி எந்த நிலத்துச் செடிக்கு என்று யோசிக்காமல் எழுதிவிட்டேன். மலைப்பாதை, மன்னிக்கவும்.

மலைப்பாதை:

மன்னிப்பு எதற்கு, பின்பக்கம் பார்க்க வேண்டும் என்பதே நீங்கள் சொல்லித்தான் தெரிந்தது. மூன்று நரம்பு தெரிகிறது! இன்னொரு கேள்வி மட்டும். அதே நாளில் பெரிய ஆரஞ்சு மஞ்சள் பூ ஒன்றும் பார்த்தோம். ஆர்னிகா என்று எழுதியிருக்கிறோம். அதுவும் சந்தேகமாகிவிட்டது.

செதில்:

ஆர்னிகாவுக்குப் பூவை விட்டுவிட்டுத் தண்டைப் பாருங்கள். ஆர்னிகா மொன்டானாவில் தண்டு இலைகள் எதிரெதிராக ஜோடி ஜோடியாக வரும். அடி இலைகள் தரையோடு ஒட்டிப் படிந்திருக்கும். ஆர்னிகா போலவே தெரியும் மஞ்சள் பூச்செடிகளான டோரோனிகம், செனிசியோ இரண்டிலும் தண்டு இலைகள் மாறி மாறி, ஒரு கணுவுக்கு ஒன்றுதான். மண்ணும் சொல்லும். ஆர்னிகா சுண்ணாம்பு மண்ணை ஒதுக்கும், அமில மண் புல்வெளியில்தான் வளரும். அடுத்த முறை பறித்துப் பார்க்க வேண்டாம், பல ஐரோப்பிய நாடுகளில் அது பாதுகாக்கப்பட்ட செடி. வாயில் வைத்தால் நஞ்சும்கூட, குழந்தையோடு போவதால் சொல்கிறேன்.

மலைப்பாதை:

எங்கள் படத்தில் இலைகள் மாறி மாறி இருக்கின்றன. அப்படியானால் ஆர்னிகா இல்லை. அது டோரோனிகமா செனிசியோவா என்று சொல்ல இந்த ஒரு படம் போதாது, பின்பக்கம் எடுக்கவில்லை. மகள் அந்த வரியை அடித்துவிட்டு ‘மஞ்சள், இலை மாறி மாறி’ என்று மட்டும் எழுதியிருக்கிறாள். ஆகஸ்டில் அதே பாதையில் போகிறோம். லென்ஸ் வாங்கிவிட்டேன். இந்த முறை ஒவ்வொரு செடிக்கும் முகம், பக்கம், பின்பக்கம், தண்டு இலை, அடி இலை என்று ஐந்து படம் எடுத்து இங்கே போடுகிறேன்.